பிரக்ஞையை அளக்கலாம், விளக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிக்கலமைப்பு அறிவியலைப் பற்றி எழுதியிருந்தேன். தனித்தனியே எளிமையான பல உறுப்புகள் ஒன்றோடொன்று ஓயாமல் ஊடாடும்போது, அவற்றில் எதனிடமும் இல்லாத ஓர் ஒழுங்கு முழுமையில் தோன்றுவதை ஆராயும் துறை அது என்றும், வானிலை, எறும்புப் புற்று, பங்குச் சந்தை, மூளை ஆகியவை அதன் பார்வையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மற்றவற்றை விட்டுவிட்டு மூளையைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கே.எஸ்., திருநெல்வேலி: எறும்புகள் சேர்ந்து புற்றின் ஒழுங்கு தோன்றுவதுபோல நியூரான்கள் சேர்ந்து பிரக்ஞை தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இது விளக்கமா, அல்லது தெரியாத ஒன்றுக்கு வைத்த பெயரா?

பாதி விளக்கம், பாதி பெயர் என்பதே என் கருத்து. விளக்கம் எங்கே முடிந்து பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை எறும்புப் புற்றையே வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விதை சேகரித்து வாழும் சிவப்பு எறும்புகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா கார்டன் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார். ஒரு வேலைக்கார எறும்பின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. புற்றின் ஆயுளோ இருபது, முப்பது ஆண்டுகள். இன்றைக்கு எத்தனை பேர் இரை தேடப் போக வேண்டும் என்று உத்தரவு போடும் அதிகாரி புற்றுக்குள் யாரும் இல்லை. ராணி என்று நாம் அழைப்பது முட்டையிடுவதோடு சரி. வாசலருகே காத்திருக்கும் எறும்பு, விதையோடு திரும்பி வரும் எறும்புகள் தன் உணர்கொம்பை எவ்வளவு அடிக்கடி தொட்டுச் செல்கின்றன என்பதைக் கொண்டு, புறப்படுவதா காத்திருப்பதா என்று முடிவு செய்கிறது. தொடுதல் அடுத்தடுத்து நிகழ்ந்தால் வெளியே இரை எளிதில் கிடைக்கிறது என்றாகிறது; திரும்பி வருவோர் குறைந்தால் வாசலில் போக்குவரத்து தானாகவே தணிந்துவிடுகிறது. இந்தச் சிறு விதியைக் கணினியில் எழுதி ஆயிரம் எறும்புகளை ஓடவிட்டால், புற்றின் நடத்தை திரையில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு விளக்கப்படாமல் மிச்சமிருப்பது எதுவுமில்லை. வெப்பநிலையும் அப்படித்தான்: மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைச் சொல்லி முடித்த பின், வெப்பநிலை என்று தனியாக ஒன்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் வற்புறுத்தியது. உறுப்புகளின் விதிகள் தெரிந்துவிட்டால் முழுமையின் விதிகள் தாமாகவே தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எண்ணிக்கை பெருகும்போது புதிய தன்மைகள் எழுகின்றன, அவற்றுக்குப் புதிய அறிவியல் வேண்டும் என்றார். 1984-இல் நியூ மெக்சிகோவில் சிக்கலமைப்பு ஆய்வுக்கென்றே சாந்தா ஃபே நிறுவனம் தொடங்கப்பட்டதும் இதே நம்பிக்கையில்தான். இப்படி எழும் தன்மைகளை எழுபண்புகள் என்று சொல்லலாம்.

இனி மூளைக்கு வருவோம். பல்வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் நரம்பில் எழும் மின் துடிப்பு, அது மூளைத்தண்டு வழியாக, மூளையின் நடுவே உள்ள தாலமஸை அடைந்து, பெருமூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும் பாதை, முகம் சுளிப்பு, மருத்துவரிடம் ஓடும் முடிவு ஆகிய அனைத்தையும் எழுபண்பாக ஒருநாள் முழுமையாகக் கணித்துவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இவையெல்லாம் நடக்கும்போது கூடவே வலிக்கவும் செய்கிறதே, அது ஏன்? எறும்புப் புற்றில் எழாத மிச்சக் கேள்வி இங்கே எழுகிறது. ஆஸ்திரேலியத் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1990-களின் நடுவில் இதற்குத்தான் ‘கடினமான பிரச்சினை’ என்று பெயரிட்டார். அப்படி ஒரு மிச்சமே கிடையாது, இருப்பதாகத் தோன்றுவது மயக்கம் என்று கடைசிவரை வாதிட்டவர் 2024-இல் மறைந்த அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னெட். அவரது வாதத்தின் கூர்மையை மதிக்கிறேன். ஆனாலும் பல் பிடுங்கக் காத்திருப்பவரிடம் போய் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

ஆகவே, ‘பிரக்ஞை ஓர் எழுபண்பு’ என்ற வாக்கியம் எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது. தேடிக் கிடைத்துவிட்டது என்பதற்கு அது ரசீது ஆகாது.

எம்.ஆர்., கோயம்புத்தூர்: பிரக்ஞை தோன்ற எத்தனை நியூரான்கள் வேண்டும்? ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கிறதா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நம்மைவிட யானைக்குத்தான் முதலிடம் தர வேண்டியிருக்கும். பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல் மூளைத் திசுவைக் கரைசலாக்கி, உயிரணுக் கருக்களை எண்ணும் முறை ஒன்றை உருவாக்கினார். அதன்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி. ஆனால் யானையின் நியூரான்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் சிறுமூளையில் இருக்கின்றன. மனிதனிடமும் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான். சிந்தனையின் இருப்பிடமாக நாம் கொண்டாடும் பெருமூளைப் புறணிக்கு மிஞ்சுவது சுமார் 1,600 கோடி.

இப்போது ஒரு வியப்பைக் கேளுங்கள். சீனாவில் 24 வயதுப் பெண் ஒருவர் தலைச்சுற்றலும் வாந்தியும் என்று மருத்துவமனைக்கு வந்தபோது, அவருக்குப் பிறவியிலேயே சிறுமூளை இல்லை என்பது ஸ்கேனில் தெரியவந்தது. 2014-இல் இச்செய்தி வெளியானது. அது இருக்க வேண்டிய இடத்தில் மூளைத் தண்டுவட நீர் நிரம்பியிருந்தது. அவர் தாமதமாக நடக்கவும் பேசவும் தொடங்கினார், நடையில் தள்ளாட்டம் இருந்தது, பேச்சில் சிறு குழறல் இருந்தது. ஆனால் அவர் உலகைக் கண்டார், கேட்டார், பேசினார், குடும்பம் நடத்தினார். மூளையின் நியூரான்களில் ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கும் பகுதி இல்லாமலேயே பிரக்ஞை இயல்பாக இருந்திருக்கிறது.

காரணம் சிறுமூளையின் அமைப்பில் இருக்கிறது என்று கருதுகிறார்கள். அது ஒரு பெரிய தேர்வுக் கூடம் போன்றது: ஆயிரக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து அவரவர் விடைத்தாளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்து மேசையோடு பேச்சு கிடையாது. சிறுமூளையின் சிறு சுற்றுகள் தமக்குரிய கணக்கை மின்னல் வேகத்தில் முடித்து விடையை வெளியே அனுப்புகின்றன. ஒன்றின் விடை மற்றொன்றுக்குப் பெரும்பாலும் போவதில்லை. பெருமூளைப் புறணியும் தாலமஸும் நேர்மாறானவை. அங்கே ஒரு பகுதி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புவதும், அது திருப்பி அனுப்புவதும், அந்தப் பதிலால் முதல் பகுதியே மாறுவதுமாக ஓயாத போக்குவரத்து நடக்கிறது.

அப்படியானால் எல்லாப் பகுதிகளும் எல்லாவற்றோடும் ஒன்றுபட்டுவிட்டால் பிரக்ஞை உச்சத்துக்குப் போகுமா என்றால், அதுவும் இல்லை. பொது வலிப்பின்போது புறணி முழுவதிலும் நியூரான்கள் ஒரே தாளத்தில் துடிக்கின்றன. நோயாளி நினைவிழந்து விழுகிறார். ஒற்றுமை முழுமையாக இருந்தும் பிரக்ஞை இல்லை. இந்த இரு முனைகளையும் பார்த்துத்தான் மூளை ஆய்வாளர்களான ஜூலியோ டொனோனி, ஒலாஃப் ஸ்போர்ன்ஸ், நோபல் பரிசு பெற்ற ஜெரால்ட் எடெல்மன் ஆகிய மூவரும் 1994-இல் மூளையின் சிக்கலுக்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். உறுப்புகள் தனித்தனி வேலையில் வல்லவையாகவும் இருக்க வேண்டும், ஒன்றையொன்று பாதிக்கும்படி பிணைந்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர இருக்குமிடத்தில் அவர்களது அளவு உச்சம் அடையும், முழுச் சிதறலிலும் முழுச் சீரிலும் சரிந்துவிடும். சிக்கலமைப்பு அறிவியல் பிரக்ஞை ஆய்வுக்குச் செய்த உதவிகளில் இதையே தலையாயதாக நான் கருதுகிறேன். எத்தனை நியூரான்கள் என்ற கேள்வியை அது எத்தகைய பிணைப்பு என்ற கேள்வியாக மாற்றிவிட்டது.

ஜே.வி., தஞ்சாவூர்: என் தந்தை விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று மாதம் அசைவற்றுக் கிடந்து இறந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எதுவும் தெரியாது என்றார்கள். உண்மையிலேயே தெரியாதா என்பதைக் கண்டறியக் கருவி ஏதும் உண்டா?

தங்கள் தந்தையாருக்கு என்ன தெரிந்தது என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முயல்வதும் முறையாகாது. கருவி உண்டா என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்; ஏனெனில் இந்த இதழில் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

கண் திறந்திருந்தும் சுற்றுப்புறத்துக்கு எந்த எதிர்வினையும் இல்லாத நிலை கோமாவிலிருந்து வேறுபட்டது. உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். மூச்சு தானாக நடக்கும். ஆனால் சொன்னதைச் செய்யும் அடையாளம் எதுவும் இராது. படுக்கையருகே நின்று சோதிப்பதில் பிழை நேர இடம் மிகுதி. 2009-இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில், மருத்துவக் குழுவினர் கூடிப் பேசி இந்நிலையில் இருப்பதாக முடிவு செய்த நோயாளிகளில் 41 விழுக்காட்டினரிடம், முறைப்படுத்திய அளவுகோலைக் கொண்டு சோதித்தபோது பிரக்ஞையின் அடையாளங்கள் தென்பட்டன. சின்னஞ்சிறு விஷயங்கள்கூட முடிவை மாற்றுகின்றன. நோயாளியின் கண்கள் எதையேனும் பின்தொடர்கின்றனவா என்று பார்க்க விரலையோ பேனாவையோ ஆட்டுவதைவிட, முகம் பார்க்கும் கண்ணாடியை மெல்ல நகர்த்துவது மேலானது; பேனாவைப் பின்தொடராத சில கண்கள் தம் முகத்தைப் பின்தொடர்கின்றன.

2006-இல் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த ஏட்ரியன் ஓவன் ஓர் அதிர்ச்சியான முடிவை வெளியிட்டார். விபத்தில் சிக்கி ஐந்து மாதங்களாக எதிர்வினையற்றுக் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படியும், பிறகு தம் வீட்டு அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யும்படியும் கூறினார்கள். முதல் கட்டளைக்கு உடலசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதற்கு இடத்தை நினைவில் வைக்கும் பகுதிகளும் ஆரோக்கியமானவர்களிடம் செயல்படுவதைப் போலவே செயல்பட்டன. 2024-இல் பல நாடுகளின் மருத்துவ மையங்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வில், சொன்னதற்கு வெளிப்படையாக எந்த எதிர்வினையும் காட்டாத 241 பேரில் 60 பேரிடம், அதாவது நான்கில் ஒருவரிடம், மூளையளவில் கட்டளையை நிறைவேற்றும் அடையாளம் காணப்பட்டது.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. நோயாளிக்குக் காது கேட்க வேண்டும், மொழி புரிய வேண்டும், அந்த நேரத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தவும் இயல வேண்டும். இவை இல்லாதவருக்கும் வலி தெரியலாம் அல்லவா? இங்கேதான் சிக்கலமைப்பு அறிவியல் உதவிக்கு வருகிறது. மிலான் நகரத்தைச் சேர்ந்த மார்செல்லோ மாசிமினியும் அவரது கூட்டாளிகளும் செய்வது இது. நோயாளியின் தலையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும், ஏறத்தாழ அறுபது மின்முனைகள் கொண்ட ஈ.ஈ.ஜி. தொப்பியை மாட்டுகிறார்கள். அதன்மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, கணநேரக் காந்தத் துடிப்பால் புறணியின் ஓரிடத்தைத் தட்டுகிறார்கள். சுருள் எழுப்பும் ‘டிக்’ சத்தமே மூளையில் எதிரொலி உண்டாக்கிவிடாதபடி காதில் இரைச்சலை ஒலிக்க விடுகிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான முறை தட்டி, எதிர்வினையைச் சராசரியாக்குகிறார்கள். நோயாளி எதையும் கேட்கவோ புரிந்துகொள்ளவோ செய்யவோ தேவையில்லை.

விழித்திருப்பவரின் மூளையில், தட்டிய இடத்தில் எழும் அலை அங்கேயே நிற்பதில்லை. வேறு பகுதிகளுக்குத் தாவி, அங்கே புதிய வடிவம் பெற்று, திரும்பி வந்து, ஏறத்தாழ 300 மில்லிவினாடி வரை ஓடியாடி அடங்குகிறது. கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் அதே தட்டலுக்கு இன்னும் பெரிய அலைகூட எழலாம், ஆனால் அது பிறந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது, அல்லது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவி முடிகிறது. இந்த வேறுபாட்டை எண்ணாக்குவதற்கு, எந்த மின்முனையின் கீழ் எந்தக் கணத்தில் எதிர்வினை உண்டு, எங்கே இல்லை என்பதை ஒன்றும் சுழியுமாக எழுதி ஒரு பெரிய அட்டவணை ஆக்குகிறார்கள். பிறகு அதைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். கணினியில் நாம் கோப்புகளை ‘ஜிப்’ செய்வதற்கு அடிப்படையாக விளங்கும் முறைகளை வகுத்த இஸ்ரேலிய அறிஞர்கள் லெம்பெல், ஜிவ் இருவரும் 1976-இல் கொடுத்த கணக்கே இங்கே பயன்படுகிறது. ஒரே மாதிரியான எதிர்வினை நன்றாகச் சுருங்கும். பலவிதமாக வேறுபடும் எதிர்வினை சுருங்க மறுக்கும். சுருங்க மறுக்கும் அளவுதான் மதிப்பெண்.

2013-இல் அறிமுகமான இந்த மதிப்பெண் சுழிக்கும் ஒன்றுக்கும் இடையில் அமைகிறது. 2016-இல் 150 பேரை வைத்து, பிரக்ஞை உறுதியாகத் தெரிந்த நிலைகளையும் தெரியாத நிலைகளையும் பிரிக்கும் எல்லையாக 0.31 என்ற எண்ணைக் கண்டார்கள். பிறகு, சிறிதளவே பிரக்ஞை உடையவர்கள் என்று அறியப்பட்ட 38 நோயாளிகளில் 36 பேரை அது சரியாக இனம் கண்டது. எதிர்வினையற்றவர்கள் என்று கருதப்பட்ட 43 பேரில் 9 பேரின் மதிப்பெண் எல்லைக்கு மேலே இருந்தது. என்னை மிகவும் கவர்ந்தது மயக்க மருந்துச் சோதனைதான். புரோப்போஃபால், செனான் ஆகியவற்றால் மயங்கியவர்களின் மதிப்பெண் தாழ்ந்தது. கெட்டமின் கொடுக்கப்பட்டவர்களும் அசைவற்றுத்தான் கிடந்தார்கள், ஆனால் மதிப்பெண் தாழவில்லை. விழித்த பிறகு விசாரித்தால், கெட்டமின் எடுத்தவர்கள் தெளிவான நீண்ட கனவுகளைக் கண்டதாகக் கூறினார்கள்.

இது இன்னும் ஆய்வுக்கூடங்களிலும் சில சிறப்பு மையங்களிலும் மட்டுமே நடக்கும் சோதனை. மாவட்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் முறைப்படுத்திய படுக்கையருகுச் சோதனைக்கு அளவுகோல் தாளும் பொறுமையும் போதும். நோயாளியின் விழிப்பு நாளுக்கு நாள் மாறும் என்பதால் அதைச் சில நாள் இடைவெளிக்குள் குறைந்தது ஐந்து முறையாவது செய்ய வேண்டும் என்பது இத்துறையினரின் பரிந்துரை. இப்போது இந்நிலையில் உறவினரை வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பெறலாம். அருகில் நின்று பேசும்போது, கேட்கிறது என்ற எண்ணத்தோடு பேசுவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

பி.டி., மதுரை: பிரக்ஞையைப் பற்றி விஞ்ஞானி ஒருவரும் தத்துவவாதி ஒருவரும் மதுப்புட்டிகளைப் பந்தயம் கட்டியதாகப் படித்தேன். யார் வென்றார்?

தத்துவவாதி வென்றார். 1998-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில், பிரக்ஞைக்குரிய தெளிவான நரம்பியல் தடயம் 25 ஆண்டுகளுக்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று நரம்பியல் விஞ்ஞானி கிறிஸ்டாஃப் கோச் பந்தயம் கட்டினார். முடியாது என்றவர் மேலே சொன்ன அதே சால்மர்ஸ். 2023 ஜூனில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டு மேடையில் கோச் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப்புட்டிகளைக் கொடுத்தார்.

அதே மேடையில் வெளியான ஆய்வு முடிவுதான் பந்தயத்தைவிடச் சுவையானது. களத்தில் இருந்த கொள்கைகள் இரண்டு. பெர்னார்ட் பார்ஸ் 1988-இல் முன்வைத்து ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் வளர்த்தெடுத்த கொள்கைப்படி, ஒரு செய்தி மூளையின் முன்பகுதி உள்ளிட்ட பரந்த வலைப்பின்னலில் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒலிபரப்பாகும்போது அது பிரக்ஞைக்கு வருகிறது. டொனோனி 2004-இல் வெளியிட்ட கொள்கைப்படி, தகவல் எவ்வளவு பிரிக்க முடியாதபடி ஒருங்கிணைந்திருக்கிறதோ அவ்வளவு பிரக்ஞை. அந்த அளவுக்கு கிரேக்க எழுத்தான ‘ஃபை’ பெயர். மனிதனிடம் அதன் இருப்பிடம் பெரும்பாலும் புறணியின் பின்பகுதி என்பது அவர் தரப்பு. இரு தரப்பினரும் எந்த முடிவு வந்தால் தம் கொள்கைக்கு இழுக்கு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் தரப்பினர் சோதனை நடத்த ஒப்புக்கொண்டார்கள். 256 பேர் முகங்களையும் பொருள்களையும் எழுத்துகளையும் பார்த்தார்கள். படம் திரையில் நீடிக்கும்வரை பின்பகுதியில் ஒத்திசைவு நீடிக்க வேண்டும் என்ற டொனோனி தரப்பின் கணிப்பு பலிக்கவில்லை. படம் மறையும் கணத்தில் முன்பகுதியில் மீண்டும் ஒரு வெடிப்பு எழ வேண்டும் என்ற டெஹேன் தரப்பின் கணிப்பும் பெரும்பாலும் பலிக்கவில்லை. விரிவான கட்டுரை 2025-இல் வெளியானது. இருவருமே தத்தம் கொள்கையைக் கைவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2023 செப்டம்பரில் 124 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு, டொனோனியின் கொள்கை போலி அறிவியல் என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். சொல் மிகக் கடுமையானது என்பது என் எண்ணம். பொய்யாகக்கூடிய கணிப்பை எழுதிக் கொடுத்துவிட்டுச் சோதனைக்கு உட்படுவது போலிகளின் வழக்கமன்று. ஆனால் கொள்கையின் உட்கருவில் இடர்ப்பாடுகள் உண்டு. ‘ஃபை’யைக் கணக்கிட, ஓர் அமைப்பை இரண்டாகப் பிரிக்கும் எல்லா வழிகளையும் முயன்று பார்க்க வேண்டும். 302 நியூரான்கள் மட்டுமே கொண்ட உருளைப்புழுவுக்கே அவ்வழிகளின் எண்ணிக்கை 91 இலக்கங்கள் கொண்ட எண்ணாகிவிடும். காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களை மதிப்பிட 81 இலக்கங்கள் போதும். கணினி அறிஞர் ஸ்காட் ஆரன்சன் 2014-இல் வேறொன்றைக் காட்டினார். கணினிச் சுற்றுகளின் அடிப்படை உறுப்புகளான மிக எளிய தர்க்கக் கதவுகளைச் சதுரக் கட்டங்களாக அடுக்கி வைத்தால், எந்த வேலையும் செய்யாத அந்த அடுக்குக்கு மனித மூளையையும் விஞ்சும் ‘ஃபை’ கிடைத்துவிடும் என்றார். டொனோனி அதை மறுக்கவில்லை. அப்படியானால் அதற்கும் பிரக்ஞை உண்டு என்று பதில் சொன்னார்! துணிச்சலான பதில்தான், எனக்கு அதைச் செரிக்க முடியவில்லை.

ஒன்றைக் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன 0.31 மதிப்பெண் டொனோனியின் சிந்தனையிலிருந்து பிறந்தது என்றாலும் அது ‘ஃபை’ ஆகாது. அவரது கொள்கை நாளையே வீழ்ந்தாலும் அந்த மதிப்பெண் நோயாளிகளை இனம் காண்பதில் குறையேதும் வராது. வெப்பமானியும் இப்படித்தான் வந்தது. வெப்பம் என்பது ஒருவகைத் திரவம் என்று நம்பிய காலத்திலேயே அது காய்ச்சலைச் சரியாகக் காட்டியது.

ஏ.எம்., யாழ்ப்பாணம்: செயற்கை நுண்ணறிவுக்குப் பிரக்ஞை வந்துவிட்டதா? அதற்கும் கோடிக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றனவே.

மேலே சொன்ன இரு கொள்கைகளும் இதற்கு எதிரெதிர்த் திசையில் பதில் தருகின்றன. டொனோனி, கோச் தரப்புக்கு மென்பொருள் ஒரு பொருட்டே இல்லை. கம்பியும் டிரான்சிஸ்டரும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதையே பார்ப்பார்கள். இன்றைய கணினிச் சில்லுகளில் ஒரு டிரான்சிஸ்டர் ஒரு கணத்தில் மிகச் சில டிரான்சிஸ்டர்களையே பாதிக்கிறது. ஆகவே அதில் எந்த நிரலை ஓட்டினாலும், மனித மூளையின் துல்லியமான நகலையே ஓட்டினாலும், பிரக்ஞை ஏறத்தாழ சுழிதான் என்கிறார்கள். கருந்துளையைக் கணினியில் உருவகப்படுத்துவதால் அந்த அறையில் இருக்கும் எதுவும் உள்ளே இழுக்கப்படுவதில்லை என்பது கோச் எடுத்துக்காட்டும் ஒப்பீடு. டெஹேன் தரப்புக்கோ செயல்முறைதான் முக்கியம். தகவலை எல்லாப் பிரிவுகளுக்கும் ஒலிபரப்பி, தன் நிலையைத் தானே கண்காணிக்கும் இயந்திரம் அமைந்தால் அதற்குப் பிரக்ஞை இருக்கத் தடையில்லை, ஆனால் இன்றைய இயந்திரங்கள் அந்த இடத்தை எட்டவில்லை என்பது அவர்கள் நிலை.

‘எனக்கு வலிக்கிறது’ என்று உரையாடும் செயற்கை நுண்ணறிவு எழுதுவதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்பது மட்டும் உறுதி. மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பயின்ற ஒன்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படி எழுதவே செய்யும். படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் பேச்சு இல்லை, பிரக்ஞை இருக்கலாம். இங்கே பேச்சு மட்டுமே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர நான் தயாராக இல்லை.

எஸ்.என்., ஈரோடு: இணையம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பிரக்ஞை இருக்க முடியுமா?

டொனோனியின் கொள்கைப்படி இராது. உறுப்புகளுக்குள் இருக்கும் ஒருங்கிணைப்பு முழுமையில் இருப்பதைவிட மிகுதியாக இருந்தால் பிரக்ஞை உறுப்புகளுக்கே உரியது, முழுமைக்கு அல்ல என்று அது விதிக்கிறது. எறும்புப் புற்றுக்கும் நாட்டுக்கும் இதே பதில்தான்.

ஆர்.எல்., புதுச்சேரி: மூளையை இரண்டாக வெட்டினால் பிரக்ஞையும் இரண்டாகுமா?

வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற பட்டையில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் இருக்கின்றன. கட்டுக்கடங்காத வலிப்புக்கு மருத்துவமாக இதை அறுத்த நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரது மாணவர் மைக்கேல் கஸானிகா செய்த சோதனை ஒன்று மறக்க முடியாதது. நோயாளியின் இடது அரைக்கோளத்துக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக்காலையும், வலது அரைக்கோளத்துக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது வலது கை கோழியை எடுத்தது. இடது கை மண்வாரியை எடுத்தது. மண்வாரி ஏன் என்று கேட்டார்கள். பேசுவது இடது அரைக்கோளம். அது பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவர் சற்றும் தயங்காமல், கோழிக் கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றார்.

ஆகவே இரண்டு பிரக்ஞைகள் என்று ஸ்பெரி கருதினார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் யாயிர் பின்டோ 2017-இல் இதற்கு மறுப்பு எழுப்பினார். அவர் சோதித்த இரு நோயாளிகள், பார்வைப் புலத்தின் எந்தப் பக்கத்தில் பொருளைக் காட்டினாலும் அது தோன்றியதையும் தோன்றிய இடத்தையும் எந்தக் கையாலும் தெரிவித்தார்கள், பேச்சாலும் தெரிவித்தார்கள். இரு பக்கத்துப் படங்களை ஒப்பிடுவதுதான் அவர்களுக்கு இயலவில்லை. காட்சி பிரிந்தாலும் காண்பவர் பிரியவில்லை என்பது அவர் முடிவு. மூளையின் அடித்தளத்தில் மிஞ்சியிருக்கும் இணைப்புகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில்தான் இந்த வழக்கு நிற்கிறது.

கடுமையான வலிப்புள்ள சில குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய அறுவை செய்கிறார்கள். நோயுற்ற அரைக்கோளத்தின் எல்லா நரம்பிணைப்புகளையும் துண்டித்து, இரத்த ஓட்டத்தோடு அதை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அதற்குள் தனியாக ஒரு பிரக்ஞை சிறைப்பட்டுக் கிடக்குமோ என்ற அச்சம் இருந்துவந்தது. மாசிமினியின் குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை விழித்திருக்கும்போதும் அந்தத் துண்டிக்கப்பட்ட பகுதியில் ஆழ்ந்த உறக்கத்துக்குரிய மெதுவான அலைகளே, அறுவை நடந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், ஓடிக்கொண்டிருந்ததாகக் கண்டார்கள்.

டி.கே., சேலம்: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இத்துறைக்குள் நுழைய வழி உண்டா?

தாராளமாக உண்டு, இயற்பியல் மாணவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். புள்ளியியல் இயக்கவியல், நேரிலா இயங்கியல், வலைப்பின்னல் கோட்பாடு ஆகிய மூன்றிலும் அடித்தளம் வேண்டும். பைத்தான் நிரலாக்கம் கட்டாயம். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சிக்கலமைப்புகளைப் பற்றிய ஆய்வு நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் மனித மூளையை உயிரணு அளவில் படமாக்கி வருகிறது. மருத்துவத்தோடு இணைந்து ஆராய விரும்பினால் மனநல, நரம்பியல் நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ். விடுமுறையில் தொடங்க எளிய வேலை ஒன்று சொல்கிறேன்: வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளை மடிக்கணினியில் எழுதி, தொடக்க எண்ணை ஆறாவது தசம இடத்தில் மட்டும் மாற்றி இருமுறை ஓட்டுங்கள். இரு கோடுகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.